ஓடையில் புதைந்த சீர்

எங்கள் சித்தப்பா ராணுவ ஏலத்தில் எடுத்து வந்த பழைய ஜீப்புக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. அதனால் முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமானால், வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு "போகலாம்" என்று சொல்ல வேண்டும். நான் மதுரையில் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வேலை எனக்குத்தான். படித்தவன் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று சித்தப்பா நம்பினார். லாரி டிரைவர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே ஜீப்போடு வந்த இங்கிலீஷ் கையேடும் என் பொறுப்பில் வந்தது. பரீட்சைப் பாடத்தைவிட அதைக் கவனமாகப் படித்தேன். கையேட்டில் ஒரு ஜீப் இருந்தது. எங்கள் மாட்டுத் தொழுவத்தில் வேறொன்று நின்றது. கையேடு பெட்ரோல் ஊற்றச் சொன்னது. நாங்கள் பெட்ரோலில் எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். ரேடியேட்டர் ஒழுகினால் பற்றவைக்கச் சொன்னது. நாங்கள் மஞ்சள்தூளைப் போட்டு அடைத்தோம். ஜீப் போன தெருவெல்லாம் யார் வீட்டிலோ ரசம் கொதிப்பதுபோல் மணக்கும். வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட் ராணுவப் பச்சைக்கு மேல் ஏறியது. பழைய பஸ்ஸின் ஹாரன் ஒன்றும் வந்து சேர்ந்தது. அதை அடித்தால் எங்கள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சித்தப்பா அதைத் தரச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அடியில் அதற்கு ஒரு மகிமை இருந்தது. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும். ஒரு நாள் வீட்டிலுள்ள எல்லோரையும் உட்கார வைத்துத் தரையில் கரித்துண்டால் படம் போட்டு விளக்கினேன். பின்சக்கரம் எப்போதும் தள்ளும். கியருக்குப் பக்கத்திலிருக்கிற குட்டிக் கம்பியை இழுத்தால், முன்பக்கம் போகிற ஷாஃப்ட் சுழன்று முன்சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், மேடு எதுவானாலும் ஏறிவிடும்.

"அப்ப மத்த நேரமெல்லாம் முன்சக்கரம் என்னடா செய்யும்?" என்றாள் அம்மா.

"சும்மா உருண்டு வரும்மா."

"உங்க சித்தப்பா மாதிரின்னு சொல்லு."

சித்தப்பா சிரிக்கவில்லை. படத்தில் ஷாஃப்ட் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தக் கம்பிய இழுக்காத வரைக்கும் அந்த ஷாஃப்ட்டு சும்மாதான் கெடக்கு?" என்று கேட்டார். குடும்பத்தில் ஒருவருக்காவது புரிந்ததே என்று மகிழ்ந்து, "ஆமா சித்தப்பா" என்றேன். மறுநாள் விடுதிக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த ஆவணியில் அக்கா மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், நான்தான் தாய்மாமன். ஆனால் மடியைவிடச் சீர்தான் பெரிது. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம். கல்யாணத்தன்று எங்கள் வீட்டுச் சீர் பஸ்ஸில் போய் இறங்கியது. அன்றிலிருந்து அக்காவின் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்களுக்கு வந்த சீரு டிக்கெட் எடுத்துல்ல வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழைக்க வந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, இந்தத் தடவ சீரு ஊருக்குள்ள ஜீப்புலதான் வந்து எறங்கணும். இல்லைன்னா நான் அந்த வீட்டுல தல நிமிர முடியாதுடா."

"கவலப்படாதக்கா. நாலு சக்கர வண்டி."

"எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தானடா?"

விளக்க நேரமில்லை.

காதுகுத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. காலையில் ஜீப்புக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக் கிளம்பினோம். பின்னால் வாழைத்தார், வெண்கலப் பானை, பழத்தட்டுகள், ஒரு கிடாய். கிடாயைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் அய்யாவும். அக்காவின் ஊருக்குள் நுழைய ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். தண்ணீர் கணுக்கால் அளவுதான், அடியில் வண்டல். எதிர்க்கரையில் கொட்டுக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் பட்டுச்சேலையில் மாமியார், அவருக்குப் பின்னால் ஊர். சித்தப்பா ஹாரனை அடித்தார். ஊர் இரண்டு அடி பின்வாங்கியது. ஜீப் ஓடைக்குள் இறங்கி, பாதியில் நின்றது. பின்சக்கரங்கள் சுற்றச் சுற்ற வண்டி கீழேதான் போனது.

நான் இதற்காகத்தானே காத்திருந்தேன். "இப்பப் பாருங்க" என்று கரைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் குட்டிக் கம்பியை இழுத்தேன். சித்தப்பா ஆக்சிலேட்டரை மிதித்தார். முன்சக்கரங்கள் அசையவே இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த வைக்கோல் வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு கரையேறியது. வண்டிக்காரர் மரியாதையாக, "தள்ளணுமாண்ணே?" என்று சித்தப்பாவைக் கேட்டுவிட்டுப் போனார்.

வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். முன்பக்க ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் எதிர்க்கரை தெரிந்தது.

"சித்தப்பா, முன்னாடி ஷாஃப்ட்டு எங்க?"

"கருப்பன்கிட்ட இருக்கு."

"யார்கிட்ட?"

"கண்மாய்க்கரை கருப்பன்கிட்டடா. போன மாசம் அழகர்கோவில் ரோட்டுல பிரேக் பிடிக்கல. கருப்பா, இரும்பு தாரேன்னு வேண்டிக்கிட்டேன். வண்டி வேலியில மோதி நின்னுருச்சு. குடுக்கணுமில்ல?"

"அருவா அடிச்சு நடுவாங்க சித்தப்பா! எல்லாரும் அருவாதான நடுறாங்க?"

"ஆபத்து அருவாளால வந்துச்சாடா? வண்டியால வந்துச்சு. வண்டியில இருந்துதான குடுக்கணும்? சும்மா கெடக்குன்னு நீதான சொன்ன."

இதற்குக் கையேட்டில் பதில் இல்லை. எங்கள் ஊர்க் கருப்பன் கோவிலில் வரிசையாக நிற்கும் அரிவாள்களுக்கு நடுவே, சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு அந்த ஷாஃப்ட் நின்றுகொண்டிருக்கிறதாம். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

கரையில் கொட்டு நின்றுவிட்டது. மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பேசப் போகிறார் என்று அர்த்தம். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். பட்டுச்சேலையோடு ஓடைக்குள் இறங்கினாள். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"அத்தே! எங்க வீட்டுச் சீரு கனம் தாங்காம வண்டி எறங்கிருச்சு!"

மாமியாரின் முகத்தில் சந்தேகமும் பெருமையும் மாறி மாறி வந்தன. தன் வீட்டுக்கு வந்த சீர் அவ்வளவு கனம் என்பதை எந்த மாமியார் மறுப்பார்? "எம்புட்டுக் கொண்டாந்துருக்காக, பாருங்கடி" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, மாடுகளைப் பூட்டிவரச் சொன்னார்.

பாரத்தைக் குறைக்கலாம் என்று நான் வெண்கலப் பானையைத் தூக்கினேன். அக்கா என் கையைப் பிடித்தாள். "ஒண்ணையும் எறக்காதடா. எறக்குனா இம்புட்டுத்தானான்னு தெரிஞ்சிரும்." கிடாய் மட்டும் இறங்கப் பார்த்தது, அம்மா அதை அமுக்கி உட்கார வைத்தாள்.

இரண்டு ஜோடி மாடுகள் இழுக்க, கொட்டு முழங்க, சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, சீர் ஊருக்குள் போனது. சேறு காயாத என் மடியில் வைத்து மருமகனுக்குக் காது குத்தினார்கள். அவன் அலறிய அலறலில் ஹாரன் தோற்றது. பந்தியில் மாமியார் எனக்கு இரண்டாவது முறையும் கறி வைக்கச் சொன்னார். "நாலு மாடு கட்டி இழுத்த சீரு" என்று அவர் சொன்னது என் காதிலேயே பலமுறை விழுந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்படிப் போவீக?"

"வந்த வழியிலதான்க்கா. இப்ப வண்டி காலி..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. காலி வண்டியும் அதே இடத்தில் புதைந்தால், காலையில் புதைந்தது எதனால் என்று ஊர் கேட்கும்.

சித்தப்பாவிடம் போய்ச் சொன்னோம். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, எழுந்து, கைகூப்பி, மாமியாரிடம் அறிவித்தார்: "சம்பந்தி, ஓடை காயிற வரைக்கும் ஜீப்பு உங்க வாசல்லயே நிக்கட்டும். பேரன் வெளையாடுவான்ல."

மாமியாருக்கு வாயெல்லாம் பல். பிற்பாடு அக்கா சொல்லித் தெரிந்தது: ஓடை காய்ந்த பிறகும் ஜீப்பைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. தினமும் சாயங்காலம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துதான் வெற்றிலை போட்டாராம். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தால், அக்காவைக் கூப்பிட்டுப் பதில் சொல்ல வைப்பாராம்.

அன்று சாயங்காலம் காலிப் பழத்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் வாடிப்பட்டியில் பஸ் ஏறினோம். கண்டக்டர் சித்தப்பாவிடம் கை நீட்டினார்.

"என்னண்ணே, விசேஷ வீடா?"

"ஆமாப்பா. சீர் செஞ்சிட்டு வாறோம்" என்று சொல்லி, சித்தப்பா எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தார்.