மாறாத புண்

மாமாவின் காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தபோது அவர் என் முகத்தில் குத்தினார். உதடு கிழிந்து வாய்க்குள் இரத்தம் நிறைந்தது. நான் காலை விடவில்லை. டொக்டரும் வெட்டுவதை நிறுத்தவில்லை. சதையை விறைக்கவைக்கும் ஊசி மருந்து எப்போதோ முடிந்திருந்தது. பள்ளிக்கூட வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின்மேல் கிடத்தியிருந்த மாமா, துவாயைக் கடித்தபடி, தன் சதை வெட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என் கணவரின் தகப்பன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, அறுபது வயதைக் கடந்த பிறகும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கத்தோலிக்கர். நான் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த சைவக் குடும்பத்துப் பெண். பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். எங்கள் கலியாணத்தை அவர் ஏற்கவில்லை. ஒரே வேலிக்குள், ஒரே வளவில் இருந்தும் என்னோடு ஒரு சொல் பேசியதில்லை.

போர்க்காலத்தில் ஒருநாள் காலை, வள்ளம் கரைக்கு வந்த நேரம் எறிகணை விழுந்தது. மீன் கூடையோடு நின்ற என்னை அது மணலில் தூக்கி எறிந்தது, தொடை கிழிந்திருந்தது. வள்ளத்தடியில் நின்றவர்களில் மாமா மட்டும் அசைந்தார். எலும்பு தெரிந்த காலை இழுத்தபடி தவழ்ந்து போய், தன் மகனின், என் கணவரின், தலையைத் தூக்கி மடியில் வைத்தார். தலையோடு உடல் வரவில்லை. அவர் கத்திய கத்தல் பிறகு நான் படிப்பித்த காலமெல்லாம் வகுப்பறைச் சத்தத்துக்குள் எனக்குக் கேட்டது.

மருத்துவமனையாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைப் பக்கத்துப் பக்கத்துப் பாயில் போட்டார்கள். காயம் தந்தது ஒரே எறிகணை. கிடைத்த மருந்தும் ஒன்றுதான். என் தொடை சில கிழமைகளில் மூடிக்கொண்டது. மாமாவின் கால் மூடவில்லை. புண்ணின் விளிம்பு வெளிறித் தடித்து, நாளுக்கு நாள் வெளியே பரவியது. நாற்றத்தில் பக்கத்துப் பாய்க்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். ஒருநாள் நான் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கோப்பையைத் தட்டிவிட்டு, முதன்முதலாக என்னோடு பேசினார்.

"என்ர பிள்ளை போயிட்டான். என்ர கால் அழுகுது. உன்ர புண் மட்டும் என்னெண்டு மாறினது?"

சிந்திய கஞ்சியைத் துடைத்துவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு என் பாய்க்குத் திரும்பினேன்.

டொக்டர் புண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஓரத்துச் சதை சாகவும் இல்லை, வளரவும் இல்லை. இருந்துகொண்டு பக்கத்துச் சதையையும் பழுதாக்குது. நல்ல இரத்தம் வரும் வரைக்கும் வெட்டி எடுக்கவேணும். பிடிக்க ஆள் இல்லை. நீங்கள் பிடியுங்கோ." அப்படிப் பிடித்திருந்தபோதுதான் அந்தக் குத்து விழுந்தது. எல்லாம் முடிந்து, வாங்கிலிருந்து இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமா என் உதட்டைப் பார்த்தார்.

"நோகுதோ பிள்ளை?" என்றார்.

"இல்லை மாமா" என்றேன். பொய்தான்.

இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயது. கறி தாளிக்கும்போது தெறித்த எண்ணெய்க் கொப்புளம்கூட ஆற மறுக்கிறது. செல் எனப்படும் கலங்கள் மூப்படைவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த வெளிறிய விளிம்புதான் கண்ணில் நிற்கிறது. பழுதடைந்த கலங்கள் சில பிரிந்து பெருகுவதை நிறுத்திவிடும், ஆனால் சாவதில்லை. அதில் நன்மையும் உண்டு, பழுதான கலம் பெருகிப் புற்றாவதில்லை. இளம் உடலில் அவை காயத்தை மூட உதவிவிட்டு, உடலின் காவற் கலங்களால் அகற்றப்படுகின்றன. வயது ஏற ஏற அந்தத் துப்புரவு தளர்ந்துபோகிறது. தங்கிவிட்டவை அழற்சியை மூட்டும் பொருள்களைக் கசியவிட்டு அயற்கலங்களையும் கெடுக்கின்றன. மூட்டுத் தேய்வு, இரத்தக்குழாய் நோய், மாறாத புண் என்று பலவற்றில் அவற்றுக்குப் பங்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றை மட்டும் அழிக்கும் மருந்துகள் இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன. மாமாவின் காலைக் கெடுத்தவை அந்தக் கலங்கள் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். பசியும் கிருமியும் மருந்தில்லாக் கொடுமையும் இருந்தன. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பாதிப் பதிலாவது இப்போது என்னிடம் இருக்கிறது. கேட்டவர்தான் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில், வெட்டிய இடத்தில் சிவந்த புதுச்சதை வரத் தொடங்கிய கிழமை, ஒரு முற்பகலில் விமானங்கள் வந்தன. நடக்கக்கூடியவர்கள் பதுங்குகுழிக்கு, பங்கருக்கு, ஓடினார்கள். "என்னை விட்டிட்டு ஓடு!" என்று மாமா கத்தினார். நான் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். பங்கர் வாசலில் இருவரும் உருண்டு விழுந்தோம். குண்டு எங்கள் பாய்கள் கிடந்த பக்கத்தில் விழுந்தது. புழுதி அடங்கியபோது, முற்றத்து வேம்பில் யாருடையதோ சேலையும் கையும் தொங்கின. விழுந்ததில் மாமாவின் புண் முழங்காலடி வரை பிளந்திருந்தது.

உழவு இயந்திரப் பெட்டியில் போட்டு வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காய்ச்சலில் அவர் பிதற்றத் தொடங்கியிருந்தார். அங்கிருந்த டொக்டர் எங்களை அறியாதவர்.

"ஐயா, இந்தக் காலை வைச்சிருந்தா நீங்கள் தப்பமாட்டீங்கள். எடுக்கவேணும். உங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

மாமா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"என்ர மருமகள் நிக்கிறா. அவா சொன்னா வெட்டுங்கோ."

"எடுங்கோ டொக்டர். இவர் எனக்கு உயிரோட வேணும்" என்றேன்.

அன்று பின்னேரமே காலை எடுத்தார்கள். மாமா பிழைத்தார். மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டார். அறையில் இரண்டு தாதியர் நின்றார்கள். அவர் என்னிடம்தான் கேட்டார்.