‘தெரியலை’ என்று சொல்லும் மென்பொருள்

வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்டுவார்கள். தன் மனைவி அதற்குச் சம்பளமே வாங்குகிறாள் என்று உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பான் அவள் கணவன். அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். “ஓட்டலை சித்தப்பா, அது எங்க போகுதுன்னு பின்னாடியே போறோம்” என்பாள்.

மருத்துவமனை டோக்கன் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள், மூளை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே ஈயின் மூளையில் குறிப்பிட்ட ஒரு நரம்பணுவை மட்டும் செயலிழக்கச் செய்து, கண்ணாடித் தட்டில் நடக்கவிட்டு, மேலிருந்து வீடியோ எடுப்பார்கள். எந்த ஈ எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்று மென்பொருள் கணக்கிடும். பழைய மென்பொருளை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். திறந்தால் திரை முழுக்க எண் கேட்கும் கட்டங்கள். முன்னால் இருந்தவர்கள் போட்ட எண்களையே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவந்தார்கள்.

வந்த புதிதில் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். எங்கே கை தயங்குகிறது, எங்கே பெருமூச்சு வருகிறது என்று பார்த்தாள்.

“அக்கா, நீங்க ஈயைப் பார்க்கவே மாட்டேங்கிறீங்களே” என்றாள் ஒரு மாணவி.

“ஈ நல்லாத்தான் நடக்குது. திணறுறது நீதான்.”

அவள் எழுதிய மென்பொருளில் கட்டங்களே இல்லை. வீடியோவைத் திறந்து, தட்டைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால் போதும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டு ஈக்கள் ஒட்டிப் பிரியும்போது எது எதுவென்று குழம்பினால், அந்த இடத்தை மட்டும் வெட்டி வைத்து, கடைசியில் ‘தெரியலை, நீங்களே பாருங்க’ என்று காட்டும்.

ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் பேராசிரியைக்கு அது பிடிக்கவில்லை. “கேள்வி கேட்கவா மென்பொருள்? பழசு ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லையே.”

“அதுதான் மேடம் பயமா இருக்கு” என்றாள் அவள்.

பேராசிரியை அரைமனதோடு சம்மதித்தார். அந்த மாணவி தன் பழைய வீடியோக்களையே அதில் ஓடவிட்டாள். சாதாரண ஈக்கள் எதிரெதிரே சந்தித்தால் திரும்பிவிடும். நரம்பணு செயலிழந்தவை நேரே கடந்து போகும் என்பதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. மென்பொருள் வெட்டிக் காட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்தது. ஒரு ஈகூடக் கடக்கவில்லை. எல்லாம் திரும்பித்தான் போயின. பழைய மென்பொருள் இரண்டையும் ஆள்மாற்றிவிட்டதால் கடந்த மாதிரி தெரிந்திருக்கிறது.

“அப்போ என் ஆராய்ச்சி அவ்வளவுதானாக்கா?” என்றாள் மாணவி.

தான் எழுதியது ஒரு பெண்ணின் உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே என்று அவளுக்கு இருந்தது. அருகில் உட்கார்ந்து அதே துண்டுகளை மறுபடி ஓட்டினாள். “ஒண்ணு மட்டும் புரியலைம்மா. சாதாரண ஈக்கிட்ட ஏமாறாத பழைய மென்பொருள், இதுங்ககிட்ட மட்டும் ஏன் இப்படி ஏமாந்துச்சு?”

இருவரும் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்கள். மாணவிதான் முதலில் நிமிர்ந்தாள். “இதுங்க சீக்கிரம் பிரியவே மாட்டேங்குதுக்கா. ஒட்டிக்கிட்டே நிக்குது.”

சாதாரண ஈக்கள் தொட்டவுடன் விலகின. இவை மட்டும், எப்போது விலகுவதென்று தெரியாதவை போல நின்றன. அவர்கள் செயலிழக்கச் செய்தது விலகச் சொல்லும் நரம்பணுவை. இழந்த கண்டுபிடிப்பைவிடப் பெரியது கைக்கு வந்திருந்தது.

பேராசிரியை துண்டுகளை முழுவதும் பார்த்துவிட்டு, “கேட்கட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் கேட்கட்டும்” என்றார். வெளிவந்த கட்டுரையில் மாணவியின் பெயருக்கு அடுத்து அவள் பெயரைப் போடச் சொன்னதும் அவர்தான்.

இப்போது எறும்பு ஆராய்கிறவர்களும் அவளைத் தேடி வந்திருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஓடும் கூட்டத்தைத் திரையில் பார்த்துவிட்டு, “தலைகால் புரியலையே” என்றாள். சொல்லும்போதே நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.