மூன்றாவது தாள்

ஒரு வெள்ளைத்தாள், அதன்கீழ் கார்பன், மறுபடி தாள், மறுபடி கார்பன், அடியில் இன்னொரு தாள். ஃபஸ்லான் நானா விளிம்புகளைத் தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் எதிரில் இருப்பவரின் முகத்தையே பார்ப்பார். "ம்... இப்ப சொல்லுங்க. அழாம சொல்லுங்க, தாள் நனைஞ்சிரும்."

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு கதிரை. ஊராருக்குப் பெட்டிசம், மனு எழுதிக் கொடுப்பது தொழில். முதல் தாள் அரசாங்கக் கந்தோருக்கு, இரண்டாவது வந்தவருக்கு, மூன்றாவது அவருக்கு. எதற்கு என்று கேட்டால், "சும்மா, ஒரு ஞாபகத்துக்கு" என்பார். தில்லையடி வீட்டு அலுமாரியில் ஊராரின் துக்கமெல்லாம் நீல எழுத்தில் கட்டுக்கட்டாய்க் கிடக்கிறது.

கடலோரக் களப்புக் காற்று சூடேறும் மத்தியானங்களில் கதிரையிலேயே கண் சொருகிப் போவார். தூரத்து உப்புக் குவியல்கள் வெயிலில் அசைவதுபோல் தெரியும். யாரோ சொன்ன காணிச் சண்டையும் வேறு யாரோ சொன்ன கலியாணமும் அந்த அரைத் தூக்கத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்படித்தான் ஒருநாள் ஆளில்லாத வள்ளம் ஒன்று மெல்ல மெல்ல மிதந்துவந்து அவர் மேசையில் முட்டியது. விழித்ததும் எழுதத் தொடங்கினார். 'வெறும் வள்ளம்' என்று ஒரு மர்ம நாவல். கடலுக்குப் போகும் புருஷனுக்கு மனைவி கட்டிக் கொடுத்த சோற்றில் நஞ்சு.

நாவல் ஓகோவென்று ஓடியது. பரிசு, பேட்டி, பொன்னாடை. மனிதர் கொஞ்சம் மிதக்கத்தான் செய்தார், பொய் சொல்வானேன்? தலைக்கு மேலே தன் படத்தையும் மாட்டிக்கொண்டார். ஆனால் எதிர்க் கதிரை காலியாகிவிட்டது. வருகிறவர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், உட்காருவதில்லை. "அவர்ட்ட வாய் தொறந்தா புத்தகத்துல வந்திரும்" என்று தேத்தண்ணிக் கடை அஹமட் சொல்வது இவர் காதிலும் விழும். காற்று அந்தக் கதிரையில் மண்ணைக் கொண்டுவந்து போடும். காலையில் துடைப்பார், அசர் தொழுகைக்குப் பிறகு மறுபடி துடைப்பார்.

போன வாரம் அதில் எமிலியா வந்து உட்கார்ந்தாள். கற்பிட்டியில் கருவாடு விற்கிறவள். விலைபோகாத கருவாட்டுப் பை மடியில் இருந்தது. அவளுடைய புருஷன் பஸ்தியான் கடலுக்குப் போய், வள்ளம் மட்டும் கரை சேர்ந்து மூன்று வருடம். அப்போது பெட்டிசம் எழுதிக் கொடுத்தது இவர்தான்.

"மகள் வாசிச்சுக் காட்டினாள், நானா. பேரெல்லாம் மாத்திட்டீங்க. அவர்ட பச்சைச் சேட்ட மட்டும் அப்படியே விட்டுட்டீங்க."

கிழிந்த சட்டைப் பையைச் சிவப்பு நூலால் தைத்த பச்சைச் சேட்டு. பஸ்தியானை அடையாளம் காண அவளே பெட்டிசத்துக்குச் சொன்னது. அழகாக இருக்கிறதே என்று மூன்றாவது தாளிலிருந்து அப்படியே நாவலுக்குள் எடுத்துப் போட்டிருந்தார். ஊர் அதை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தது.

"இப்ப என்ட கையால கருவாடு வாங்க ஆக்கள் பயப்படுதுகள். நஞ்சு வச்சவளாம்."

பேட்டிகளில் மூச்சுவிடாமல் பேசுகிற மனிதருக்கு வெட்கமாக இருந்தது. "அது கற்பனைதானே, தங்கச்சி..."

"அத ஏன் எனக்குச் சொல்றீங்க? சனத்துக்குச் சொல்லுங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரத் திரும்பத் தேடச் சொல்லி ஒரு பெட்டிசம் எழுதணும். வேற ஆள்ட்டப் போனா முதல்ல இருந்து எல்லாம் சொல்லணும். எனக்குத் தெம்பில்ல."

அவர் கை பழக்கத்தில் அடுக்கியது. தாள், கார்பன், தாள், கார்பன், தாள். விளிம்பைத் தட்டப் போன கை நின்றது. படம் எடுக்க வந்த நாலு பேர் ஓரமாய்க் காத்திருந்தார்கள். அஹமட்டும் கடை வாசலுக்கு வந்துவிட்டான்.

ஃபஸ்லான் அடியிலிருந்த மூன்றாவது தாளை உருவி மேசையில் விரித்தார்.

"அந்தப் பையில கருவாடுதானே? இதுல ஒரு அரைக்கிலோ மடிச்சித் தாங்க தங்கச்சி, இண்டைக்கு எங்கட வீட்டுக் கறிக்கு" என்றார், ரோட்டுக்கே கேட்கும்படி.