பயிற்றங்கொடியில் விழுந்த புள்ளிகள்

பிள்ளை பெற்று வீட்டில் இருந்த நாள்களில் எனக்குப் பகல் என்பதே அரைத்தூக்கம்தான். பால் குடித்துக்கொண்டே மகள் தூங்கிப்போவாள். அவளை மடியில் வைத்தபடி நானும் சொக்கிப்போவேன். குருபோங்கில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கம்பி வேலி. இந்தப் பக்கம் என் பயிற்றங்கொடி, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவுடையது. உச்சி வெயிலில் இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மெல்ல அசையும். தொழிற்சாலைப் பக்கம் லாரிகள் உறுமுவதுகூடத் தாலாட்டாகக் கேட்கும்.

அக்கா தினமும் எனக்குப் பூண்டுக் குழம்பு கொண்டுவருவார். குழந்தையை எட்டி நின்றே கொஞ்சுவார். "கொஞ்சம் வாங்கிக்குங்கக்கா, குளிச்சிட்டு வந்துடுறேன்" என்று நீட்டினால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். எனக்கு அம்மா இல்லை. கணவர் வேலைக்குப் போய்விடுவார். வேறு யாரிடம் கொடுப்பது? என்ன அப்படி ஒரு அருவருப்பு என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மெர்லிமாவ் எஸ்டேட்ல களைமருந்து அடிச்ச கை மா இது. வயித்துல வந்தது எதுவும் தங்கல. இப்ப கொடியப் பாரு, நான் தொட்டுத் தொட்டுப் புள்ளி புள்ளியா கருகுது. பாப்பாவ தொட மாட்டேன் லா."

பழகிப்போன சேதியைப்போல் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவரை வேலியோரம் கூட்டிப்போனேன். டுரியான் துங்காலில் நான் வேலை செய்த பயிர் ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சலித்த புள்ளிகள் அவை. அக்காவின் கொடியில் முற்றிய இலைகளின் மேற்பக்கத்தில் செம்புநிறத்தில் பொடிப்பொடியாக இருந்தன. நரம்புகள் பச்சையாகவே இருந்தன. ஓர் இலைமேல் இன்னொன்று படிந்து நிழல் விழுந்த இடம் சுத்தமாக இருந்தது.

"ஓசோன்க்கா. வண்டிப் புகையும் ஃபேக்டரி புகையும் வெயில்ல வெந்து அப்படி ஒண்ணு ஆகுது, கண்ணுக்குத் தெரியாது. இலைக்கு அடியில குட்டிக் குட்டி வாய் இருக்கு. காத்த இழுக்குறப்ப அதுவும் உள்ள போயி சுட்டுடுது. தாங்கலன்னா இலை வாய மூடிக்கும். அப்புறம் அதுக்குச் சாப்பாடு பத்தாது, காயும் சிறுத்துடும்."

பிறகு என் கொடியைக் காட்டினேன். அதிலும் அதே புள்ளிகள்.

"இத நீங்க தொட்டீங்களா?"

அக்கா வெளிக்குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, கைகளை நீட்டினார். மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. படியிலேயே உட்கார்ந்தேன். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. வெயிலும் கொடியும் அக்காவின் முணுமுணுப்பும் ஒன்றாகக் கலந்தன.

"ஏம்மா."

கண்ணைத் திறந்தேன்.

"பாப்பாவும் இதே காத்ததானே இழுக்குது? அது வாய மூடிக்க முடியுமா?"

மகள் அவர் கையில் வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டாள்.