டிக்கிக்குள் போன சமையல் கேஸ்

சிங்காநல்லூரில் ஒரு கேஸ் ஏஜென்சியின் புக்கிங் கவுண்டரில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சிலிண்டர் தீர்ந்துபோனவர்கள் கார்டோடு வருவார்கள். பதிவு செய்துகொண்டு, எப்போது வரும் என்று சொல்வது என் வேலை. ஆரம்பத்தில், ஒரு வாரத்துக்குள் வந்துவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணன் டாக்சி ஓட்டினார். பழைய அம்பாசடர், பெட்ரோல் வண்டி. அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் புகைச் சோதனை கடுமையானது. வண்டிகளை ஓரங்கட்டி, சான்றிதழ் கேட்டார்கள். திருச்சி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணனுக்கு அப்படியில்லை. அவர் வண்டி இரண்டு முறை சோதனையில் தோற்றது. இன்ஜினைப் பிரித்து வேலை செய்ய அவருக்கு வசதி கிடையாது.

போத்தனூரில் ஒரு மெக்கானிக் வேறு வழி சொல்லியிருக்கிறார். டிக்கியில் சமையல் சிலிண்டரை வைத்து, அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாயும், ‘கிட்’ என்ற கேஸ் கருவியும் மாட்டிவிட்டால் கரும்புகையே வராதாம். வீடுகளுக்காக அரசாங்கம் விலை குறைத்துக் கொடுத்த கேஸ் என்பதால் பெட்ரோலைவிடச் செலவும் குறைவு.

“நம்மூட்டுல ரெண்டு சிலிண்டர் இருக்குதில்ல கண்ணு? ஒண்ணு சும்மாதானே கெடக்குது?” என்று அண்ணன் கேட்டார்.

“அது சமையலுக்குக் குடுக்கறதுங்ணா. வண்டிக்குப் போடக்கூடாது.”

“சர்ட்டிபிகேட் வாங்கற வரைக்குந்தான்.”

கொடுத்தேன். வண்டி சோதனையில் தேறியது. இன்ஜினை நன்றாக வைத்திருப்பதாகச் சோதித்தவர் பாராட்டினார் என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் நானும் கூடவே சிரித்தோம்.

கிட்டை அவர் கழற்றவில்லை. சில மாதங்களில் டாக்சி ஸ்டாண்டில் இருந்த பாதி வண்டிகள் கேஸுக்கு மாறிவிட்டன. வீட்டில் ஒன்றரை மாதம் வரும் சிலிண்டர், வாடகை நன்றாக ஓடினால் வண்டிக்கு மூன்று நாள்கூட வராது. அண்ணனுக்கு அடுத்தடுத்த சிலிண்டர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது. எங்கள் டெலிவரி ஆட்களில் ஒருவர், வீடுகளுக்குப் போகிற வழியில் ஸ்டாண்டில் இரண்டு மூன்றை இறக்கிவிட்டுக் கூடுதல் காசு வாங்கிக்கொண்டார்.

கவுண்டரில் ஒரு வாரம் என்பது இருபது நாளாகி, பிறகு ஒரு மாதமானது. “லோடு வரலைன்னு சொல்லிரும்மா” என்றார் முதலாளி. நானும் சொன்னேன். லோடு லாரி எப்போதும்போல என் கண்ணெதிரிலேயே வந்து நின்றது.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர், பக்கத்து நூல் மில்லில் வேலை செய்த அக்கா. பல வருஷம் காத்திருந்து அப்போதுதான் கனெக்‌ஷன் வாங்கியிருந்தார். கேஸ் வந்ததும் ரேஷன் கார்டில் முத்திரை குத்தி, மண்ணெண்ணெயை நிறுத்திவிட்டார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை யாருக்கோ கொடுத்தும்விட்டார். நான்காவது முறையாகக் கவுண்டருக்கு வந்தபோது அவர் சத்தம் போடவில்லை.

“ஏனுங்க அம்மணி, லோடு வரலைன்னு சொன்னீங்க. எம்பட புள்ள பள்ளிக்கூடம் உட்டு வாரப்ப டாக்சி ஸ்டாண்டுல சிலிண்டர் எறக்கறதப் பாத்துருக்குது. அது ஆருக்குங்க?”

“விசாரிக்கறேனுங்க்கா” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அன்று வேலை முடிந்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று, ஒரே அறை. மரத்தூள் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்தும் புகை போகவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக் கசக்கி எழுதிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்த மேடையில் புது கேஸ் அடுப்பு, துணி போட்டு மூடி இருந்தது. “உக்காருங்க அம்மணி” என்று அக்கா முறத்தைத் தள்ளி இடம் கொடுத்தார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பொகை வருதுன்னு புடிச்சாங்க. இப்பப் பொகையில்லாமத்தான் ஓட்டறேன். நான் மட்டுமா ஓட்டறேன்?”

“வண்டியில பொகையில்லீங்ணா. அந்தூட்டுல இருக்குது. போய்ப் பாருங்க.”

மறுநாள் காலையில் டிக்கியில் மாட்டாமல் வைத்திருந்த முழு சிலிண்டரோடு, பெட்ரோலில் வண்டியை ஓட்டிக்கொண்டு என்னுடன் வந்தார். தோளில் வைத்துச் சந்துக்குள் தூக்கிப்போனார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க கேஸ் கம்பெனி ஆளுங்களா?”

“இல்லீங்க. டாக்சி ஓட்டறேனுங்க.”

நான் “எங்கண்ணனுங்க்கா” என்றேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சிலிண்டரை மாட்டி, அதே அடுப்பைப் பற்றவைத்து இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். அண்ணன் தலையைக் குனிந்தபடியே குடித்தார்.

அத்தோடு அண்ணன் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஒன்றரை மாதம் பெட்ரோலில் ஓட்டினார். மறுபடியும் புகை, மறுபடியும் பிடித்தார்கள். திரும்பவும் கேஸ். இந்த முறை சிலிண்டர் சூலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே யார் வீட்டில் அடுப்பு மூடிக் கிடந்ததோ தெரியாது. அவருடன் சில வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினேன். அவர் கொண்டுவருவதையும் சேர்த்துத்தான் நாங்கள் மூவரும் சாப்பிட்டோம்.

முதலாளியிடம் அந்த டெலிவரி ஆளைப் பற்றிச் சொன்னேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். புதிதாக வந்தவரும் ஒரு மாதத்தில் ஸ்டாண்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகுதான் நான் ஒன்று செய்தேன். ரொம்ப நாள் காத்திருப்பவர்கள் கார்டோடு நேரே குடோனுக்கு வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். கூட்டம் கூடும் என்று முதலாளி தயங்கினார். சனிக்கிழமை மட்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை பதினைந்து பேருக்கு மேல் வந்தார்கள். அக்கா தன் வீட்டுக்காரரோடு வந்திருந்தார். சைக்கிள் கேரியரில் சிலிண்டரைப் படுக்கவைத்து, பழைய டியூபால் இறுக்கிக் கட்டினார்கள். அவர் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள, அக்கா பின்னால் கையை வைத்துக்கொண்டு நடந்தார். “வாரேனுங்க அம்மணி” என்றார். நான் வரிசையில் அடுத்தவரின் கார்டை வாங்கினேன்.