நூல் கட்டாத பிஞ்சுகள்

அவளை எல்லோரும் தரகரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர்களுக்கு ஒரு சம்பந்தம்கூட முடித்து வைத்தவள் அல்ல அவள். பூசணிக் கொடியில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவில் மஞ்சள் தூள் ஒட்டி நிற்கும் தண்டைப் பெண் பூவுக்குள் தொட்டு எடுப்பாள். அதுதான் அவள் வேலை. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று காத்திருக்கும். தொட்டால் அது காயாகும், இல்லையென்றால் மஞ்சளித்து உதிரும். ஒரே பூவுக்கு இரண்டு தடவை மெனக்கெடக் கூடாதே என்று, தொட்ட பூவின் காம்பில் சிவப்பு நூலைக் கட்டிவிடுவாள். விடியும்போதே தோட்டத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முன்பெல்லாம் இந்த வேலையைத் தேனீக்கள் பார்த்தன. கல்யாணமான புதிதில், வெயில் ஏறிய பிறகு பூசணித் தோட்டத்துக்குள் நடக்கவே பயப்படுவாள் அவள். அப்படி ஒரு இரைச்சல். பூவுக்குப் பூ ஒன்று உள்ளே இறங்கிப் புரண்டு, மேலெல்லாம் மஞ்சளைப் பூசிக்கொண்டு, குடித்தவன் மாதிரி தள்ளாடி வெளியே வரும். புருஷன் அவள் பயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையைப் பிடித்து நடுத் தோட்டம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவான். அந்தக் கைப்பிடிக்காகவே பயம் போன பிறகும் பயந்த மாதிரி நடித்தாள். அது நல்ல காலம்.

அந்தப் புருஷன்தான் ஊருக்கே பூச்சிமருந்து அடித்தவன். முதுகில் டாங்கியை மாட்டிக்கொண்டு, வெயிலுக்கு முன்னால் முடித்தால் உடம்புக்குச் சுகம் என்று விடியற்காலையிலேயே ஆரம்பிப்பான். பூக்கள் விரிந்திருக்கும், மருந்து உள்ளே இறங்கி நிற்கும். பிறகு தேனீ வந்து அதே பூவுக்குள் இறங்கும். இலை தின்னும் வண்டு செத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், தேனீ செத்தது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு வருஷம் கொடி நிறையப் பூத்தது, காய்தான் இல்லை. விதை சரியில்லை என்றார்கள், உரம் போதாது என்றார்கள், மருந்து பத்தவில்லை என்று இன்னொரு சுற்றும் அடித்தார்கள். நம் ஆட்களுக்குப் புத்தி ஒரு சுற்று தாமதமாகத்தான் வரும்.

அதற்குப் பிறகுதான் பூவைக் கையால் தொட்டுவிட ஆள் தேடினார்கள். அவள் போனாள். இருமலில் முதுகு வளைந்து டாங்கியை இறக்கி வைத்திருந்த புருஷன் அவளைப் பார்த்து, "நான் கெடுத்ததை நீ ஒட்டவச்சுக்கிட்டுத் திரியற," என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், முகத்தில்தான் விளையாட்டு இல்லை. அந்த இருமலோடேயே போய்ச் சேர்ந்தான்.

மற்றவர்கள் பூசணியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியபோதும் அவளுடைய தம்பி மட்டும் விடவில்லை. அவன் குட்டையில் மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்த வருஷம் மருந்தையும் நிறுத்திவிட்டான். வண்டைக் கையால் பொறுக்கினான், இலைமேல் சாம்பல் தூவினான், வேலியோரம் முழுக்கச் சூரியகாந்தியும் துளசியும் விட்டான். தம்பி விவசாயம் செய்கிறானா, பூந்தோட்டம் போடுகிறானா என்று அக்காவே கேலி செய்தாள்.

இந்தப் போகத்தில்தான் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நூல் கட்டாத பிஞ்சுகள் பருத்துக்கொண்டிருந்தன. முதலில் கட்ட மறந்திருப்போம் என்று நினைத்தாள். பிறகு வரிசைக்கு வரிசை அப்படியே இருந்தது. தேனீ என்பது அவளைப் பொறுத்தவரை செத்துப்போன உறவுக்காரர். அந்தப் பக்கம் நினைப்பே போகவில்லை, நினைப்பு நேராக அம்மாவிடம் போனது. அம்மாவும் இப்படித்தான் ஆரம்பித்தாள். வெறும் அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள், குளித்ததை மறந்து மறுபடி குளித்தாள், கடைசியில் பெற்ற மகளையே யாரென்று கேட்டாள். தொட்ட பூ தனக்கு நினைவில் இல்லையென்றால் நாளைக்குத் தம்பி முகம் நினைவில் இருக்குமா? அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பருத்த பிஞ்சுகளைத் தேடித் தேடி, தம்பி பார்ப்பதற்கு முன் நூலைக் கட்டினாள்.

ஒருநாள் கையும் களவுமாக மாட்டினாள்.

"காயே ஆயிருச்சே. இதுக்கு எதுக்குக்கா நூலு?" என்று பின்னால் தம்பி குரல் கேட்டது.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் அம்மா மாதிரி ஆரம்பிச்சிருச்சுடா. எதைத் தொட்டேன், எதை விட்டேன்னே தெரியல. வேற ஆள் பாத்துக்கோ."

தம்பிக்கு முகம் வெளிறிப்போனது. இன்றைக்கு வீட்டுக்குப் போகாதே, வெயில் ஏறட்டும் என்று மட்டும் சொல்லி, வரப்பில் அவளை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தான்.

மோட்டார் கொட்டகையின் கூரையைத் தாண்டி வெயில் கொடிமேல் விழுந்தது. முதலில் ஒன்று வந்தது. குளிருக்குக் காதை மூடிக் கட்டியிருந்த துணியை அவள் அவிழ்த்தாள். அதற்குள் தோட்டமே இரைய ஆரம்பித்துவிட்டது. பக்கத்துப் பூவிலிருந்து ஒன்று மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புத்தி கெடவில்லை என்ற நிம்மதியில் அழுதாள். இதைப் பார்க்க அந்த மனுஷன் இல்லையே என்று அதைவிட அதிகமாக அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதிலிருந்து என்று கேட்டாள். போன வருஷமே ஒன்றிரண்டு வந்ததாகவும், இந்த வருஷம் முழுக்க இவைதான் பார்ப்பதாகவும் தம்பி சொன்னான்.

"தெரிஞ்சுமா என்னை வரச் சொன்ன?"

அவன் மண்ணைக் கிளறினான். "உனக்கு வேலை இல்லைன்னு எப்படிக்கா சொல்றது? மாமா போனதுக்கப்புறம் நீ சிரிச்சுப் பேசறதே இங்கதான்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. புத்தி பேதலித்துவிட்டதென்று தூக்கமில்லாமல் புரண்டதையெல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்தாள். அது தனக்குத் தெரியாது என்றான் அவன். உண்மைதான். அவள் அவ்வளவு நேர்த்தியாக மறைத்திருந்தாள், அவனும் அப்படியே மறைத்திருந்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். திட்டு முடியும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்," என்றாள். அவன் தலையாட்டினான்.

மறுநாள் வழக்கம்போல இருட்டிலேயே விழிப்பு வந்தது, காலும் தானாக வாசலுக்குப் போனது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் அவள் கைக்காகக் காத்திருந்த பூக்களுக்கு இனி அவள் தேவையில்லை. அது வலித்தது. வலிக்கட்டும் என்று திரும்பிப் போய்ப் படுத்தாள். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் விழுந்த பிறகு எழுந்து, நிதானமாகத் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள்.

தோட்டத்தில் தம்பி ஏற்கெனவே அவளுக்கும் இடம் விட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான்.