துரு மணக்கும் தண்ணீர்

சோனகத் தெருவில் இரும்புக்கடை அபூசாலியை இருந்த இடத்தில் கண்டவர்கள் குறைவு. பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். இப்போது தராசடியில் நிற்பார், திரும்பிப் பார்த்தால் லொறிக்கு மேல் நிற்பார். பள்ளிவாசலில் மட்டும் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. முதல் வரிசை, இமாமுக்கு நேர் பின்னால். அங்கேயும் சும்மா நிற்கமாட்டார். பக்கத்தில் நிற்பவனின் தோளைத் தட்டி, காலை நேராக்கச் சொல்லி, பின்னால் உள்ளவர்களை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் தக்பீர் கட்டித் தொழத் தொடங்குவார். நல்ல மனிசன்தான். ஆனால் தான் நல்ல மனிசன் என்பது அவருக்கும் தெரியும். அதுதான் கரைச்சல்.

அவருடைய பெருமையெல்லாம் பின்வளவில் இருந்த கிணறு. தெருவில் பாதிக் கிணறு உவர். அபூசாலி வீட்டுத் தேத்தண்ணிக்குத் தனி ருசி என்று வந்தவன் போனவன் எல்லாரும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கேட்டு வாங்குவார்.

குருநகர்ப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிய எண்பத்தாறாம் ஆண்டு, பெர்னடெட் என்ற பெண் தன் மகளோடு வந்து பின்வேலிக்கு அப்பால் ஓர் அறையில் குடியேறினாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். வேலிப் படலையைத் திறந்து வந்து தண்ணீர் அள்ளிப் போவாள். ஒரு நாள் அபூசாலி வழக்கம்போலக் கேட்டார்.

"எப்பிடித் தங்கச்சி எங்கடை தண்ணி?"

"பரவாயில்லைக் காக்கா. துருதான் கொஞ்சம் மணக்குது."

கிணற்றைச் சுற்றி இரும்பைக் குவித்து வைத்தால் மணக்காமல் என்ன செய்யும்? ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அன்று பின்னேரமே படலையில் ஆமைப்பூட்டு விழுந்தது. பெர்னடெட் வந்து பூட்டைப் பார்த்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கைகள் தாண்டித் தூரத்துக் கிணற்றுக்குப் போகத் தொடங்கினாள்.

அந்த வருஷம் கார்த்திகை பிறந்தும் மழை இல்லை. உவர்க் கிணறுகள் உப்பாகவே மாறின. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய, இமாம் கலந்தர் லெப்பை எழுந்து, மழை கேட்டுத் தொழப்போகிறோம் என்றார். "மூண்டு நாள் நோன்பு பிடியுங்கோ. நாலாம் நாள் காலமை எல்லாரும் மைதானத்துக்கு வாங்கோ. பெருநாள் உடுப்பு வேண்டாம், வேலை செய்யிற உடுப்போடை வாங்கோ. பிள்ளையள், கிழடுகள், ஆடு மாடு எல்லாத்தையும் கொண்டு வாங்கோ. ஆருக்கும் அநியாயம் செய்தவை அதைத் தீர்த்துப்போட்டு வாங்கோ. ஆண்டவனுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான். மனிசருக்குச் செய்ததை அந்த மனிசரிட்டைத்தான் போய்க் கேக்கவேணும்."

அபூசாலிக்கு உட்கார்ந்திருந்த பாய் சுட்டது. ஆட்கள் கலையும் வரை தூணடியில் நின்றுவிட்டு லெப்பையைப் பிடித்தார்.

"லெப்பை, உது எங்கடை ஆக்களுக்குள்ளைதானே? மற்றச் சமயத்து ஆளெண்டால்?"

"மழை பெய்தால் அவையின்ரை முற்றத்திலை பெய்யாதோ, காக்கா?" என்று கேட்டுவிட்டு லெப்பை செருப்பைத் தேடினார்.

நோன்பு நாட்களில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொண்டை காய்ந்தால் கிணற்றடிக்குப் போவார். படலையைப் பார்ப்பார். திரும்பி வருவார். மனைவி மைமூனிடம், "நீ போய்த் திறந்துவிடன்," என்றார்.

"பூட்டுத் திறப்பு உங்கடை இடுப்பிலை. பூட்டினவர்தான் திறக்கவேணும். நான் என்ன உங்கடை கடைப் பெடியனோ?"

ஒரு மத்தியானம், ஒழுங்கையில் ஆள் அரவம் இல்லாத நேரம் பார்த்து, பூட்டைக் கழற்றிப் படலையை அகலத் திறந்து வைத்தார். அதோடு தீர்ந்தது என்று நினைத்தார். பின்னேரம் பெர்னடெட் வந்தாள். திறந்த படலையைப் பார்த்தாள். குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தாண்டிப் போனாள். அன்று நோன்பு திறந்தபோது அபூசாலி தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டார்.

நாலாம் நாள் காலை அவர் தேடி எடுத்து உடுத்தது, இருக்கிறதிலேயே மோசமான சாரன். துருக் கறையும் ஒட்டுத் துண்டும். கிழிசல் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

"பணிவிலையும் முதல் வரிசையோ?" என்றாள் மைமூன்.

அவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மைதானத்தில் தெரு முழுவதும் நின்றது. தாய்மாரின் இடுப்பில் பிள்ளைகள் அழுதன, ஆடுகள் கத்தின. கோட்டைப் பக்கமாக ஆமியின் ஹெலி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் இத்தனை சனம் நிற்பதைக் கண்டு என்ன நினைக்குமோ என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். அபூசாலி தன் வழக்கமான இடத்தில் நின்றார். லெப்பை தக்பீர் சொன்னார். அபூசாலி கைகளை உயர்த்தினார். கட்ட முடியவில்லை. தண்ணீர் கேட்க வந்த கை, தண்ணீரைப் பூட்டின கை.

கையை இறக்கினார். திரும்பினார். தொழுகையில் நின்ற வரிசைகளுக்கு ஊடாக, ஆட்களை இடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே நடந்தார். ஹெலிக்குப் பயந்து ஓடுகிறார் என்று சிறுவர்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும்.

பெர்னடெட் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் படலையைப் பூட்டினது அநியாயம். மன்னிச்சுக்கொள்."

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இப்ப திறந்துதானே கிடக்கு. பிறகென்ன?"

"திறந்தது காணாது."

"அப்ப சொல்லுங்கோ காக்கா. நான் சொன்னது பொய்யோ?"

அபூசாலி வேலியைப் பார்த்தார். அதற்கு அப்பால் குவிந்து கிடந்த தன் இரும்பைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

"இல்லை," என்றார். "மணக்குதுதான். எனக்கும் தெரியும்."

அவள் முகம் இளகியது. "சரி, நான் ஒண்டும் மனசிலை வைக்கேல்லை. ஓடுங்கோ, தொழுகை முடியப்போகுது."

ஓடினார். லெப்பை நீட்டி ஓதுகிறவர்; முதல் சுற்று முடிந்து இரண்டாவது ரக்அத் நடந்துகொண்டிருந்தது. முன்னால் போக வழியில்லை. கடைசி வரிசையில், கயிற்றில் கட்டிய ஒரு கிடாய் ஆட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. லெப்பை சலாம் கொடுத்ததும் எல்லாரும் அமர்ந்திருக்க, தவறவிட்ட ரக்அத்தைத் தொழ அபூசாலி தனியாக எழுந்து நின்றார். ஊரை நேராக்கியவர் ஊருக்குப் பின்னால் பிந்தி நிற்பதை ஊரே திரும்பிப் பார்த்தது. லெப்பை பிரசங்கம் தொடங்கி, மழைத் தொழுகை வழக்கப்படி சால்வையைப் புரட்டிப் போட்டு, கைகளை வானத்துக்கு ஏந்தினார். சனமும் புரட்டியது, ஏந்தியது. ஹெலி தலைக்கு மேலாகப் போனது. அபூசாலி நெற்றி தரையில் பட சுஜூதில் கிடந்தார். நெற்றியில் புழுதி. கிடாய் அவர் சால்வையின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. அந்த மனிசன் அவ்வளவு நேரம் அசையாமல் கிடந்ததை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

வீட்டுக்கு வரும்போது வானம் அப்படியே வெளிறித்தான் இருந்தது. கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது. பெர்னடெட் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"காக்கா, கப்பியும் துரு. கொஞ்சம் எண்ணெய் விடுங்கோ."

"ஓம் தங்கச்சி," என்று அபூசாலி எண்ணெய்ப் போத்தலைத் தேடப் போனார்.